கவிழ்த்து வைத்த வாளி

காலை ஆறு ஐம்பது. கொட்டகைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது குதிரை அல்ல, வாளி. நீல நிற பிளாஸ்டிக் வாளி. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, சிமெண்டுத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் அடிப்புறத்தில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் போயும் அது நகரவில்லை. குழாயடி காய்ந்து கிடந்தது. ஒரு குதிரை இரவு முழுவதும் நின்ற இடம் அப்படிக் காய்ந்திருக்கக் கூடாது.

பிறகுதான் குதிரையைப் பார்த்தேன். சாம்பல் கலந்த வெள்ளைப் பெட்டைக் குதிரை. பெயர் மல்லி. பந்தயத் திடலில் ஓடி, முன்னங்கால் நரம்பு பழுதாகி, கைமாறிக் கைமாறி, கோல சிலாங்கூருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய மாட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அன்று காலை அது ஒருக்களித்துப் படுத்து, கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலுதடு சுருண்டு பல் தெரிந்தது. பிடரி மயிரைச் சின்னச் சின்னதாகப் பின்னிச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். எதிர்ச் சுவரில், மாலையில் நெற்றியில் கட்டுவதற்கான ஜரிகைப் பட்டம் தொங்கியது.

"எப்படா கடைசியா தண்ணி குடிச்சிச்சு?" என்று கேட்டேன்.

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ராஜன் தன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சந்திரன் ராஜனைப் பார்த்தார்.

"நேத்து, டாக்டர்," என்றான் ராஜன்.

"நேத்து எப்ப?"

"மத்தியானத்துக்கு முன்னாடி. இன்னைக்குச் சாயங்காலம் ரவாங்ல கல்யாணம் இருக்குல்ல. மாப்பிள்ளை அழைப்பு."

"கல்யாணத்துக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

நான் ஏதோ தெரியாத பிள்ளை என்பதுபோல அவன் பொறுமையாகச் சொன்னான்: "குடிச்சா ஒன்னுக்குப் போயிரும்லா, டாக்டர்."

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் இளம் கால்நடை மருத்துவர்கள் சிலர் ஒரு சாப்பாட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவளை அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொல்வது அவர்களுடைய வழக்கம். அதில் ஒரு பெண் எழுந்து, "இந்தப் பக்கத்துக் குதிரைகளுக்கு அதிகமா வர்ற நோய் எது, டாக்டர்?" என்று கேட்டாள். கொசு கடித்து வரும் காய்ச்சலைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். "தாகம்," என்றேன். சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

நான் கெர்லிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கால்நடை மருத்துவம் படித்தபோது விடுமுறைகளில் ஒரு தமிழ் நாளிதழில் செய்தி திருத்தும் வேலை பார்த்தேன். அங்கே துணையாசிரியராக இருந்தவர் எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும், "எத்தனை மணி? மொதல்ல என்ன பாத்தே?" என்றுதான் கேட்பார். நான் என்ன நினைத்தேன் என்பது அவருக்கு வேண்டாம். படிப்பு முடிந்து அரசு வேலையில் சேர்ந்ததும் மாடு, ஆடு, பன்றி, கோழி என்று வருடங்கள் ஓடின. குதிரைகள் அப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான். பிறகு, பந்தயத்துக்கு உதவாத குதிரைகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. கடலோரத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்ட, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைச் சுமக்க, படம் எடுக்க என்று வடக்குச் சிலாங்கூர் முழுக்கப் பரவின. மாடு வளர்த்துப் பழகியவர்கள் குதிரையை வாங்கினார்கள். ஓர் உயிரை வாங்கினோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. ஆனால் அது மாடு இல்லை என்பது உறைக்கவில்லை.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரையால் வாந்திகூட எடுக்க முடியாது. உள்ளே போனது மறுபக்கம்தான் வெளியேற வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும், நடை வேண்டும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் வேண்டும். இவ்வளவுதான். இந்த வெயிலில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். அவற்றை நிழலில் நிறுத்தி உடம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். குளம்பைத் தினமும் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். தோட்டத்துப் பாதையோரத்தில் அறுத்த புல்லாக இருந்தால், அங்கே களைக்கொல்லி அடித்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதில் எதற்கும் மருத்துவர் தேவையில்லை. இதற்காகத்தான் என்னை வாழ்நாள் முழுவதும் கூப்பிட்டார்கள்.

என் முதல் மேலதிகாரி டாக்டர் காதர். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. உயரமானவர், குரல் உயராதவர். கொட்டகைக்குப் போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிப்பார். உடனே குதிரையிடம் போகமாட்டார். "அதுக்கிட்ட அப்புறம் போகலாம்மா. மொதல்ல எடத்தப் பாரு" என்பார். கொட்டகையைச் சுற்றி நடப்பார். கிடக்கும் லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, காலணியின் நுனியால் உடைத்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். தண்ணீர்த் தொட்டியின் உள்விளிம்பில் விரலை ஓட்டி, பாசி வழுக்குகிறதா என்று தடவுவார். தீவனத்தை ஒரு பிடி அள்ளி முகர்வார். அவர் குதிரையின் கழுத்தில் கை வைக்கும்போது நோய் என்னவென்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவரைப் போன்ற கை எனக்கு வாய்க்கவில்லை. அதை எழுதிவிட வேண்டும்.

அடுத்து எழுதப்போவதையும் எழுதிவிட வேண்டும்.

வைத்தியம் முடிந்ததும் கை கழுவி, கடிகாரத்தை மாட்டிக்கொண்டு, கொடுத்த தேநீரில் இரண்டு வாய் குடிப்பார். முதலாளி கேட்பார்: "என்னங்க டாக்டர் ஆச்சு?"

"காத்துதான். காத்து பிடிச்சிருக்கு."

முதலாளியின் முகம் தெளிந்துவிடும். காற்று யார் வீட்டுப் பொருளும் இல்லை. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

சுங்கை பெசாரில் ஒரு பழுப்பு நிற மட்டக்குதிரை இருந்தது. வார இறுதிகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திடலைச் சுற்றும். நொண்டுகிறது என்று அழைத்தார்கள். டாக்டர் காதர் வழக்கம்போலக் கொட்டகையைச் சுற்றினார். சுற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குதிரை கணுக்கால் ஆழம் தன் கழிவிலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் பின்னங்காலைத் தூக்கிய மறுநொடி நாற்றம் எங்கள் இருவருக்கும் வந்தது. குளம்பின் நடுவில் இருக்கும் மெத்தென்ற சதை அழுகிக் கறுப்பாக வழிந்தது. மாதக் கணக்கில் ஒருவரும் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்திருக்கவில்லை. அவர் கத்தியால் அழுகலைச் செதுக்கினார். உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து தோய்த்த பஞ்சை இடுக்குகளில் ஒவ்வொன்றாக வைத்து அடைத்தார். குதிரை ஒருமுறைகூட உதைக்கவில்லை. அவ்வளவு மென்மையான கை.

"என்னங்க டாக்டர்?" என்றார் உரிமையாளர்.

"மழைக்காலம்லா. ஈரம்."

"ஆமாங்க டாக்டர், இந்த வருஷம் மழை ரொம்ப ஜாஸ்தி."

திரும்பும் வழியில், இரண்டு பக்கமும் நெல் வயல், நான் கேட்டேன். "சார், அது மழையினால வந்தது இல்ல."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா அவனுக்கு அவமானமாப் போயிரும். அடுத்த தடவ கூப்பிட மாட்டான். நாமளும் போகலன்னா அந்தக் குதிரைக்கு யாரும்மா இருக்கா?"

"நாம இந்தப் பக்கம் வந்ததும் மறுபடியும் அதே சாணியிலதான சார் நிக்கும்?"

"நிக்கும். மறுபடியும் கூப்பிடுவான். மறுபடியும் போவோம்."

அவர் சொன்னபடியே மறுபடியும் அழைத்தார்கள், மறுபடியும் போனோம். கடைசி முறை போனபோது அந்தக் குதிரையால் காலை ஊன்ற முடியவில்லை. அழுகல் எலும்புக்குள் இறங்கியிருந்தது. டாக்டர் காதர் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்துக் கடைசி ஊசியைப் போட்டார். கை கழுவினார். கடிகாரத்தை மாட்டினார். உரிமையாளரின் தோளில் கை வைத்து, "மழை, என்ன செய்யிறது" என்றார். அந்த மனிதர் அழுதார். நான் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் காதர் இப்போது இல்லை. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபமும் உண்டு, இத்தனை வருடத்தில் அது குறையவில்லை.

மல்லியிடம் வருகிறேன்.

எழுப்பி நிறுத்தி, ஈறுகளை விரலால் தொட்டேன். வழுவழுப்பாக இருக்க வேண்டியவை விரலில் ஒட்டின. அழுத்திவிட்டு எடுத்தேன், வெளுத்த இடம் மறுபடி சிவக்கத் தாமதமானது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன்; மடிப்பு அப்படியே நின்று மெல்லத்தான் இறங்கியது. வயிற்றின் இரண்டு பக்கத்திலும், மேலும் கீழும், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். நல்ல குதிரையின் வயிற்றில் தூரத்துச் சாலையில் லோரி போவது போல் ஓயாமல் ஒரு சத்தம் இருக்கும். மல்லியின் இடது பக்கத்தில் சத்தமே இல்லை. மூலையில் கிடந்த லத்தியை உடைத்தேன். சிறு கல்லைப் போன்ற உருண்டைகள், மேலே காய்ந்த சளி. தொட்டியில் காய்ந்த புல் மட்டும்தான் கிடந்தது. வெளியே வாய்க்கால் ஓரம் முழுக்கப் பச்சைப் புல்.

"பச்சைப் புல் ஏன் போடல?"

"எளகலாப் போகும், டாக்டர்," என்றார் சந்திரன். "வெள்ளைக் குதிரை. பின்னால கறையானா வீடியோல அப்படியே தெரியும்."

தோள்வரை கையுறை மாட்டி, வழவழப்புத் தைலம் தடவி, பின்வழியாகக் கையை உள்ளே செலுத்தினேன். ராஜன் வாலைப் பிடித்துக்கொண்டான். இந்தச் சோதனையில் அவசரம் கூடாது. குடல் சுருங்கும்போது கையை நிறுத்த வேண்டும், தளரும்போது நகர்த்த வேண்டும். முரட்டுத்தனம் செய்தால் குடல் கிழியும். கிழிந்தால் குதிரை போய்விடும். இடது பக்கம், கீழே, பெருங்குடல் வளைந்து குறுகும் இடத்தில் என் விரல்கள் முட்டின. பிசைந்து மறந்துபோன மாவு போல ஒரு கட்டி. என் முழங்கை நீளத்துக்கு இருந்தது.

குடல் அடைப்பு. தண்ணீர் இல்லாமல், காய்ந்த புல்லைத் தின்று, கட்டிப்போட்ட இடத்தில் நின்றே வந்தது. குடல் இன்னும் முறுக்கிக்கொள்ளவில்லை. அது ஒன்றுதான் நல்ல செய்தி. உருண்டு புரண்டால், லோரியில் குலுங்கினால், முறுக்கிக்கொள்ளலாம். அப்படி ஆனால் இந்தக் கொட்டகையில் வைத்து என்னால் செய்யக்கூடியது கருணை ஊசி மட்டும்தான். அதை அப்படியே இருவரிடமும் சொன்னேன்.

"பொழைச்சிக்கும்லா, டாக்டர்?" என்றான் ராஜன். அவன் இரவில் கொசுவர்த்தி ஏற்றி வைத்து அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பவன் என்று பிறகு தெரிந்தது. கொசு கடிக்கக் கூடாதென்று பார்த்துக்கொண்டவனுக்கு, அது வெறும் வாளியை மூக்கால் தள்ளிப் பார்த்தது தெரியும். தெரிந்துதான் வாளியைக் கவிழ்த்து வைத்தான். அவனே சொன்னான்: "நிமித்தி வெச்சா வந்து வந்து பாத்துட்டுப் போகுது, டாக்டர். மனசு கேக்கல. அதான் கவுத்து வெச்சிட்டேன்."

வலி மருந்து கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது. வலியில் புரண்டால்தான் ஆபத்து. மூக்கு வழியாக நீளக் குழாயைச் செலுத்தினேன். அது விழுங்கும் நேரம் பார்த்துத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குப் போகும். மறுமுனையை முகர்ந்தேன். வயிற்றின் புளித்த வாடை வந்தது. சரியான இடத்தில்தான் இருந்தது. ஏற்கெனவே ஏதாவது தேங்கியிருந்தால் வெளியே வரட்டும் என்று காத்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பு மருந்தைக் கலந்து, கைப்பம்பால் மெதுவாக ஏற்றினேன். தண்ணீர் பிடிக்க அதே நீல வாளியைத்தான் நிமிர்த்தினோம். பல்லி ஓடியது.

கொஞ்ச நேரத்தில் வலி மருந்து வேலை செய்தது. மல்லி தலையைத் தூக்கியது. காதுகள் முன்னால் திரும்பின. ராஜனின் சட்டைப் பையை மோப்பம் பிடித்தது.

"பாத்தீங்களா!" சந்திரன் கைதட்டினார். "டாக்டர்னா டாக்டர்தான். டேய், லோரிக்காரனுக்கு ஃபோனப் போடு. குளிப்பாட்ட நேரம் சரியா இருக்கும்."

"எதுக்கு லோரி?"

"ரவாங்குக்கு, டாக்டர். அதான் சரியாயிடுச்சே."

"வலிதான் அடங்கியிருக்கு. அடைப்பு அப்படியேதான் இருக்கு. இப்பத்தான் சொன்னேன்."

"சாயங்காலம் அரை மணி நேரம் நின்னாப் போதும். மண்டப வாசல்ல ஒரு ரவுண்டு. கெளம்புறதுக்கு முன்னால இன்னொரு ஊசி போட்டுவிட்டீங்கன்னா, நிக்கும்."

இந்தத் தொழிலில் நான் கேட்ட வாக்கியங்களிலேயே மிக அசிங்கமானது அதுதான். அதைச் சொன்னவர் கொடூரமான மனிதர் இல்லை. தன் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். என் கோபத்துக்கு அதுதான் காரணம்.

வெளியே போய்க் காரை எடுத்தேன். கொட்டகையிலிருந்து தோட்டத்து மண் சாலைக்குப் போக வாய்க்காலின்மேல் ஒரே ஒரு சிறு பாலம்தான். அதன் வாயில் காரைக் குறுக்காக நிறுத்தி, சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். ஓய்வு பெற்றவளிடம் அரசாங்க முத்திரை கிடையாது. கார்தான் இருந்தது.

"என்ன டாக்டர் இது?" என்றார் சந்திரன்.

"குதிரை லத்தி போட்டதும் எடுக்கிறேன்."

"போலீசக் கூப்பிடுவேன், டாக்டர்."

"கூப்பிடுங்க. குதிரைக்கு ஏன் தண்ணி வைக்கலன்னு அவங்களும் கேப்பாங்க. பிராணி வதைக்குச் சட்டம் இருக்கு."

அவர் போலீசைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டார். குதிரைக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். பட்டு வேட்டியில், நெற்றியில் சந்தனத்தோடு, கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தார். என் கார் வழிமறித்ததால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

"அம்மா, யாரு நீங்க? காரை எடுங்கம்மா. நல்ல காரியம் நடக்கிற நாளு."

"குதிரை செத்துப்போகும். அது பரவாயில்லையா?"

"சாவுன்னு எல்லாம் பேசாதீங்கம்மா இன்னைக்கு!"

"அப்ப தண்ணியப் பத்திப் பேசலாம். யாரு தண்ணி வைக்க வேணாம்னு சொன்னது?"

அவர் சந்திரனைக் கைகாட்டினார். சந்திரன் அவரைக் கைகாட்டினார். விஷயம் இதுதான்: முன்பு ஒரு கல்யாணத்தில், ஆரத்தி எடுக்கும் நேரத்தில் மல்லி சிறுநீர் கழித்துவிட்டது. ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண்கள் சிதறி ஓடியதை யாரோ படம் பிடித்தார்கள். அது கைப்பேசிக்குக் கைப்பேசி போனது. ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு ஏற்பாடு செய்ய வருகிற ஒவ்வொருவரும், "குதிரை அசிங்கம் பண்ணாதுல்ல?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சந்திரன், "பண்ணாது" என்று வாக்குக் கொடுக்கத் தொடங்கினார். அந்த வாக்கைக் காப்பாற்றும் வேலை குதிரையின் தலையில் விழுந்தது.

"பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால அப்படி ஆனா நல்லாவா இருக்கும்? அபசகுனம்மா," என்றார் தாய்மாமன்.

"காலையில நீங்க என்ன குடிச்சீங்க?"

"என்ன?"

"காப்பியா, தேத்தண்ணியா?"

"தே தாரேக். எதுக்குக் கேக்கிறீங்க?"

"மண்டபத்துல நிறைய பேரு இருப்பாங்க. நேத்திலிருந்து நீங்க ஒன்னும் குடிக்காம இருந்திருக்கணும்ல? அபசகுனம் ஆயிடப் போகுது."

கொட்டகை வாசலில் மல்லியைப் பிடித்துக்கொண்டு நின்ற ராஜன் சிரிப்பை அடக்க அதன் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். தாய்மாமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இருங்க, மாப்பிள்ளையவே பேசச் சொல்றேன்," என்று கைப்பேசியை எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்.

"டேய், இங்க ஒரு டாக்டரம்மா குதிரைய விடமாட்டேங்கிறாங்க. நீயே சொல்லு. எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கோம்!"

மறுமுனையில் உறுமி மேளம் ஒத்திகை பார்க்கும் சத்தம். பிறகு மாப்பிள்ளையின் குரல்: "மாமா, குதிரை வேணும்னு நான் எப்ப கேட்டேன்? எனக்குப் பயம்லா. நீங்கதான் ஆசைப்பட்டீங்கன்னு சும்மா இருந்தேன். காருல வந்துர்றேன் மாமா, ப்ளீஸ்."

தாய்மாமன் கைப்பேசியை அணைத்தார். செம்பனை மட்டைகளுக்குள் ஏதோ பறவை கத்தியது. மாப்பிள்ளை கேட்கவில்லை. குதிரைக்கு வேறு வழி இருக்கவில்லை. இருவருக்கும் நடுவில் நின்ற தாய்மாமனும் சந்திரனும் ராஜனும் சேர்ந்து ஒரு விலங்கின் குடலைக் கல்லாக்கியிருந்தார்கள்.

தாய்மாமன் போய்விட்டார். நான் இருந்தேன். மல்லியைக் கயிற்றில் பிடித்து வாய்க்கால் ஓரமாக மெதுவாக நடத்தினோம். படுக்கப் பார்த்தபோதெல்லாம் எழுப்பினோம். ராஜன் சாப்பிடக்கூடப் போகவில்லை. வெயில் ஏறியதும் இரண்டாம் முறையாகக் குழாய் போட்டுத் தண்ணீர் ஏற்றினேன். சந்திரன் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மல்லியிடம் யாரும் கேட்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் இடது பக்கத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது தூரத்து லோரி கேட்டது. பிறகு அது வாலைத் தூக்கியது. முதலில் வெறும் காற்று. அடுத்து சளி மூடிய கறுத்த உருண்டைகள், சிமெண்டில் விழும் ஓசையோடு. அதன் பின்னால் ஈரமான லத்தி, குவியலாக. ராஜன் மண்டியிட்டு அதன் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அந்த அழுகையைப் பார்த்து எனக்கு மனம் இளகவில்லை. சுங்கை பெசார்க்காரரும் அழுதார்.

கை கழுவினேன். சந்திரன் தேநீர் கொண்டுவந்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "என்னதாங்க டாக்டர் இது? காத்தா?" என்றார். அவருடைய அப்பா மாடு வைத்திருந்த காலத்தில் டாக்டர் காதர் அந்த வீட்டுக்குப் போய்வந்தவர். அந்த வார்த்தை அங்கிருந்துதான் வந்தது.

"காத்து இல்ல," என்றேன். "நீங்க. நீங்களும் இவனும் செஞ்சது. தண்ணி குடுக்காம, தெரிஞ்சே செஞ்சது. இன்னொரு தடவ செஞ்சா செத்துப்போகும். அப்பவும் அதைக் கொன்னது நீங்களாத்தான் இருப்பீங்க."

ராஜன் தலையைக் குனிந்தான். சந்திரன் தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் காதர் இருந்திருந்தா இப்படிப் பேசியிருக்க மாட்டாரு," என்றார்.

"மாட்டாரு," என்றேன். காரை எடுத்துப் பாலத்தைத் திறந்துவிட்டேன்.

அந்தச் சாப்பாட்டில் கேள்வி கேட்ட பெண், கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் தனியாக வந்தாள். முதலாளிகளிடம் உண்மையைச் சொன்னால் தொழில் நடத்த முடியாது என்று அவளுடைய சீனியர் சொல்கிறாராம். "நீங்க என்ன சொல்றீங்க, டாக்டர்?" என்றாள். அவளுக்கு அன்று நேரம் இல்லை. அதற்கான பதில் இது.

சொல்லு. காற்று என்று சொல்லாதே, மழை என்று சொல்லாதே. வாளி எங்கே என்று கேள். யார் கவிழ்த்து வைத்தது என்று கேள். கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார். கொடுக்கும் தேநீரை வேண்டுமானால் குடி, ஆனால் சொல்லிவிட்டுக் குடி. நாம் பொய் சொல்லித் தேற்றும் ஒவ்வொரு உரிமையாளருக்கும் பின்னால், உண்மையைச் சொல்லத் தெரியாத ஒன்று கயிற்றில் கட்டுண்டு நிற்கிறது.

மல்லி அடுத்து வந்த தை மாதம், கல்யாணச் சீசனில், அதே நோயால் இறந்தது. அந்த முறை அவர்கள் என்னை அழைக்கவில்லை.